ஒற்றைச்செயல் சுழல்துப்பாக்கியில் உருளை இறுக்கம்

உருளை இறுக்கம் என்பது, சுழல்துப்பாக்கி அல்லது ரிவால்வர் எனப்படும் கைத்துப்பாக்கியில் தோட்டாக்களைத் தாங்கும் உருளை தடையின்றிச் சுழலாமல் கடினமாகத் திரும்புவதை அல்லது இடையில் நின்றுவிடுவதைக் குறிக்கும். ஒற்றைச்செயல் வகைச் சுழல்துப்பாக்கிகளில், அதிலும் புதிதாக வாங்கப்பட்டவற்றில், இது அடிக்கடி எதிர்கொள்ளப்படும் குறையாகும். காய்ந்து ஒட்டிக்கொண்ட மசகு போன்ற அற்பமான காரணத்தாலும் உருளை இறுகலாம். குழலின் வாயில் குண்டு ஒன்று சிக்கியிருப்பது போன்ற உயிராபத்தான காரணத்தாலும் இறுகலாம். துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எனவே இறுக்கத்தின் அளவைவிட, உருளை எந்த இடத்தில், எந்த வேளையில் இறுகுகின்றது என்பதே கவனிக்க வேண்டியதாகும். பெரும்பாலான காரணங்களை இதைக் கொண்டே பிரித்தறிய முடியும்.

ஒற்றைச்செயல் வகை

ஒற்றைச்செயல் சுழல்துப்பாக்கியில் விசையானது சுத்தியலை விடுவிக்கும் ஒரு வேலையை மட்டுமே செய்கின்றது. ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அவ்வாறு இழுக்கும்போதே உருளையும் அடுத்த அறைக்குத் திரும்புகின்றது. இரட்டைச்செயல் வகையில் இவ்வேலைகள் அனைத்தையும் விசையை இழுப்பதன் மூலமே செய்துவிடலாம்.

சாமுவேல் கோல்ட் 1836 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் காப்புரிமம் பெற்ற சுழல்துப்பாக்கி ஒற்றைச்செயல் வகையைச் சேர்ந்ததாகும். 1873 ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி என்னும் துப்பாக்கியே இவ்வகையில் மிகவும் அறியப்பட்டது. கௌபாய் திரைப்படங்களில் காணப்படுவதும் பெரும்பாலும் இதுவே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுபோன இதன் உற்பத்தி 1956 இல் மீண்டும் தொடங்கியது. இதற்கிடையில் ரூகர் நிறுவனம் 1953 இல் சிங்கிள் சிக்ஸ் என்பதையும், 1955 இல் பிளாக்ஹாக் என்பதையும் வெளியிட்டது. இத்தாலியின் உபெர்ட்டி, பியெட்டா ஆகிய நிறுவனங்கள் பழைய வடிவங்களின் மறுபடிகளைச் செய்து விற்கின்றன. வேட்டை, இலக்குச் சுடுதல், கௌபாய் உடையணிந்து ஆடும் சுடுபோட்டிகள் ஆகியவற்றுக்காக இவை இன்றும் வாங்கப்படுகின்றன.

உருளை சுழலும் விதம்

உருளையில் பெரும்பாலும் ஆறு அறைகள் இருக்கும். அதன் நடுவிலுள்ள துளை வழியாக அச்சாணி ஒன்று செல்கின்றது. அச்சாணியின் இரு முனைகளையும் துப்பாக்கியின் சட்டகம் தாங்குகின்றது. உருளையின் பின்முகத்தில் ஆறு பற்கள் கொண்ட ஒரு பற்சக்கரம் உண்டு. சுத்தியலுடன் இணைக்கப்பட்ட தள்ளுகோல், சுத்தியல் பின்னுக்கு வரும்போது மேலெழுந்து ஒரு பல்லைத் தள்ளும். இதனால் உருளை 60 பாகை திரும்பும். கோல்ட் அமைப்பில், சுடுபவர் பக்கமிருந்து பார்க்கும்போது இது வலஞ்சுழியாகத் திரும்பும். உருளையின் புறப்பரப்பில் ஆறு காடிகள் வெட்டப்பட்டிருக்கும். சட்டகத்தின் அடியிலிருந்து எழும் தாழ் ஒன்று காடியினுள் விழுந்து, அறையைக் குழலுக்கு நேராகப் பூட்டிவிடும்.

ஆகவே ஒவ்வொரு சுழற்சியிலும் தாழ் இறங்க வேண்டும், தள்ளுகோல் எழ வேண்டும், உருளை திரும்ப வேண்டும், பின்னர் தாழ் மீண்டும் விழ வேண்டும். பழைய கோல்ட் அமைப்பில் சுத்தியலை முழுவதும் இழுக்கும்போது நான்கு ஒலிகள் கேட்கும். முதலாவது காப்புக் காடி, இரண்டாவது அரை இழுப்பு நிலை, மூன்றாவது தாழ் உருளையின் மேல் விழுவது, நான்காவது முழு இழுப்பு. இவ்வொலிகள் சி, ஓ, எல், டி என்று கோல்ட்டின் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்வதாக இத்துப்பாக்கியின் விரும்பிகள் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

உருளைக்குக் கிடைக்கும் இடம் மிகவும் குறைவு. அதன் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலுள்ள இடைவெளி பொதுவாக 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும். சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.10 மில்லிமீட்டர் ஆகும். இடைவெளி இதைவிடக் கூடினால் சுடும்போது வளிமமும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் சிதறும். குறைந்தால் உருளை குழலில் உரசும். இதைத் தவிர, உருளை அச்சாணியின் மேல் முன்னும் பின்னும் சிறிதளவு அசைவதற்கும் இடம் உண்டு. இந்த அசைவு குழல் இடைவெளியைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். இல்லாவிடில், முகவாயைச் சற்றே தாழ்த்திப் பிடித்தவுடன் உருளை முன்னோக்கி வழுக்கிக் குழலை முட்டும். முகவாயை உயர்த்தினால் எளிதாகவும், தாழ்த்தினால் கடினமாகவும் உருளை திரும்புமாயின் காரணம் இதுவே என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

பழுது அல்லாத இறுக்கம்

புதிதாக வாங்கியவர் முதலில் பழுது என எண்ணுவது பல வேளைகளில் பழுதே அன்று. சுத்தியல் முழுவதும் தாழ்ந்திருக்கும்போது தாழ் காடியினுள் இருப்பதால் உருளை திரும்பாது, திரும்பவும் கூடாது. பழைய கோல்ட் அமைப்பிலும் அதன் மறுபடிகளிலும் சுத்தியலை அரை இழுப்பு நிலைக்குக் கொண்டுவந்தால் மட்டுமே உருளை கையால் திருப்பத்தக்கதாகும். முதலாவது ஒலியுடன் நிறுத்திவிட்டு உருளையைத் திருப்ப முயல்வது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறாகும். ரூகர் 1973 இல் அறிமுகப்படுத்திய புதிய வடிவத்தில் அரை இழுப்பு நிலையே இல்லை. அதில், வலப்புறத்திலுள்ள தோட்டா ஏற்றும் கதவைத் திறந்தாலே தாழ் இறங்கி உருளை விடுபடும். ஒன்றில் பழகியவருக்கு மற்றது பூட்டிக்கொண்டது போலத் தோன்றும்.

பழைய அமைப்பில் உருளை ஒரு திசையில் மட்டுமே திரும்பும். எதிர்த்திசையில் திருப்பினால் பற்சக்கரத்தின் பல் தள்ளுகோலில் முட்டி நிற்கும். சரியான திசையில் திருப்பும்போதும் தள்ளுகோல் பல்லுக்குப் பல் தாவுவதால் சிறிது தடையும் ஒலியும் இருக்கும். இவை இயல்பானவையாகும்.

அரை இழுப்பு நிலையிலிருந்து சுத்தியலை நேராகத் தாழ்த்திவிடுவது நல்ல பழக்கமன்று. அப்போது தாழ் காடிக்கு வெளியே உருளையின் மேல் விழுந்து தேய்க்கும். முழு இழுப்புக்குக் கொண்டுசென்று பின்னர் பிடித்துத் தாழ்த்துவதே முறையாகும். பல துப்பாக்கிகளின் உருளையைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு ஒன்று காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

காரணத்தைக் கண்டறிதல்

எந்தச் சோதனைக்கும் முன்னர் துப்பாக்கி வெறுமையாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இவ்வகைத் துப்பாக்கியில் உருளை பக்கவாட்டில் வெளியே வராது. ஆகையால் கதவின் வழியே ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எண்ணுதல் வேண்டும். ஐந்தை மட்டும் பார்த்துவிட்டு ஆறாவதை விட்டுவிடுவது இங்கே எளிதில் நிகழக்கூடியது. உருளை இறுகியிருப்பதால் ஆறாவது அறையைக் கதவுக்கு நேராகக் கொண்டுவர முடியவில்லை என்றால், அது நிரம்பியிருப்பதாகவே கொள்ள வேண்டும்.

வெறும் உருளையை மெதுவாக முழுச் சுற்று திருப்பும்போது மூன்று விதமான இறுக்கங்கள் வெளிப்படலாம்.

சுற்று முழுவதும் ஒரே சீராக இறுகினால், குறை அச்சாணியிலோ உருளையின் முன், பின் தாங்குமுகங்களிலோ இருக்கும். புதிய துப்பாக்கியில் தொழிற்சாலையில் பூசப்பட்ட தடித்த காப்பு எண்ணெய் காய்ந்து பசைபோல ஆகியிருப்பது இதற்கு முதற்காரணம். அச்சாணியைக் கழற்றி, அச்சாணியையும் உருளையின் துளையையும் மண்ணெண்ணெய் அல்லது துப்பாக்கிக் கரைப்பான் கொண்டு துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி இட்டாலே பல இறுக்கங்கள் நீங்கிவிடுகின்றன. நீங்காவிடின், கழற்றிய அச்சாணியை உருளையின் துளையில் மட்டும் செருகிப் பார்க்க வேண்டும். அது தன் எடையாலேயே வழுக்கி இறங்கினால் துளை நன்றாக உள்ளது. பின்னர் உருளை இல்லாமல் அச்சாணியைச் சட்டகத்தில் மட்டும் செருகிப் பார்க்கலாம். இங்கே இறுகினால் சட்டகத்தின் முன், பின் துளைகள் ஒரே நேர்கோட்டில் இல்லை, அல்லது அச்சாணி வளைந்துள்ளது. வளைந்த அச்சாணியைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால், அது தத்தித் தத்தி உருள்வதைக் கொண்டு கண்டுகொள்ளலாம்.

ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் இறுகினால், குறை உருளையிலேயே உள்ளது. ஏனெனில் துப்பாக்கியில் சுற்றிவரும் உறுப்பு அது ஒன்றே. மற்றவை எல்லாம் நின்ற இடத்தில் நிற்கின்றன. இறுகும் அறையை எழுதுகோலால் அடையாளமிட்டு மீண்டும் சுற்றிப் பார்த்தால் இது உறுதியாகும். உருளையின் முன்முகம் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டப்படாமல் ஒரு பக்கம் சற்றே புடைத்திருக்கலாம். அல்லது அறை வாயின் விளிம்பில் வெட்டுக்கருவி விட்டுச்சென்ற பிசிறு இருக்கலாம். முன்முகம் முழுவதும் மார்க்கர் மையைப் பூசிச் சில சுற்றுகள் திருப்பினால், உரசும் இடத்தில் மட்டும் மை அழிந்து பளபளக்கும். கடைசல் பட்டறைகளில் இரு முகங்கள் எங்கே தொடுகின்றன என்பதை அறியக் கையாளும் பழைய முறையே இது.

ஒரு சுற்றில் ஆறு முறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரே கட்டத்தில் இறுகினால், குறை தள்ளுகோலிலோ தாழிலோ உள்ளது. நின்ற இடத்தில் இயங்கும் ஓர் உறுப்பை ஆறு பற்களும் ஆறு காடிகளும் அடுத்தடுத்துச் சந்திப்பதே இதற்குக் காரணம். சுத்தியலை இழுக்கத் தொடங்கியவுடனேயே தடை தோன்றினால், தாழ் காடியைவிட்டு முழுவதும் இறங்குவதற்கு முன்னரே தள்ளுகோல் உருளையைத் தள்ளுகின்றது எனலாம். இழுப்பின் முடிவில் தடை தோன்றினால், தள்ளுகோல் சற்று நீளமாக இருக்கக்கூடும். அப்போது தாழ் உருளையைப் பூட்டிய பின்னும் தள்ளுகோல் தள்ளிக்கொண்டே இருக்கும். மறுபடித் துப்பாக்கிகளில் தள்ளுகோல் எழும் சட்டகத் துளையின் ஓரத்தில் பிசிறு இருப்பதும் உண்டு.

வெறுமையாக இருக்கும்போது உருளை நன்றாகச் சுழன்று, தோட்டாக்கள் இட்டபின் மட்டும் இறுகுமானால், துப்பாக்கியைக் குறைகூறுவதற்கு முன் தோட்டாக்களைப் பார்க்க வேண்டும். சுழல்துப்பாக்கித் தோட்டாவின் அடியில் விளிம்பு ஒன்று உண்டு. அவ்விளிம்பு உருளையின் பின்முகத்தில் அமர்ந்து, சட்டகத்தின் பின்தட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும். .45 கோல்ட் தோட்டாவின் விளிம்பு சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. தோட்டாவின் நடுவிலுள்ள தீமூட்டி அடிமட்டத்துக்குச் சற்றே உள்ளடங்கி இருக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் சுட்ட தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே மீள நிரப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. அவ்வாறு நிரப்பும்போது தீமூட்டி முழுவதும் அமராமல் மேலெழுந்து நின்றால் அது பின்தட்டில் உரசும். இவ்விடத்தில் வலிந்து திருப்புவது மிகவும் தவறானது. தீமூட்டி என்பது அடிபட்டால் எரியும் பொருள். அதைச் சுமக்கும் அறை அப்போது குழலுக்கு நேராக இருப்பதில்லை. அடியின் மேல் நேரான விளிம்புடைய அளவுகோல் ஒன்றை வைத்துப் பார்த்தால் எழுந்து நிற்கும் தீமூட்டி தெரிந்துவிடும். வீட்டில் சோதிப்பதற்கு உண்மைத் தோட்டாக்களைப் பயன்படுத்தாமல், மருந்தும் தீமூட்டியும் இல்லாத போலித் தோட்டாக்களைப் பயன்படுத்த வேண்டும்.

தோட்டா முழுவதும் உள்ளே செல்லாததும் இதே இறுக்கத்தைத் தரும். .357 மேக்னம் துப்பாக்கியில் அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். விலை குறைவு என்பதால் பலரும் அவ்வாறே செய்கின்றனர். குட்டைத் தோட்டாவின் வாய்க்கு நேராக அறையினுள் கரியும் ஈயமும் சேர்ந்து வளையமாகப் படியும். பின்னர் நீண்ட தோட்டாவை இட்டால் அது வளையத்தில் தட்டி, விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அறைகளைத் தூரிகையால் தேய்த்து எடுத்தால் சரியாகிவிடும்.

சுடும்போது தோன்றும் இறுக்கம்

தொடங்கும்போது நன்றாக இருந்து, சுடச்சுட இறுகுவது தனி வகையாகும். உருக்கு ஒரு பாகை செல்சியசு வெப்பத்துக்கு நீளத்தில் ஏறத்தாழ 10 இலட்சத்தில் 12 பங்கு விரிகின்றது. 40 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளை 50 பாகை சூடேறினால் 0.024 மில்லிமீட்டர் நீளும். 0.15 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள துப்பாக்கிக்கு இது பொருட்டன்று. இடைவெளி 0.05 ஆக இருக்கும் துப்பாக்கியில் பாதி இடம் இதிலேயே போய்விடும். எஞ்சியதைக் கரி நிரப்பும். கடையில் பார்க்கும்போது நன்றாகச் சுழன்ற துப்பாக்கி சுடுகளத்தில் நின்றுவிடுவதற்கு இது ஒரு விளக்கமாகும்.

கரியினால் ஏற்படும் இறுக்கம் சுழல்துப்பாக்கியுடன் கூடவே பிறந்தது. 1873 மாதிரி கருமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. கருமருந்து எரியும்போது அதன் பாதிக்கும் மேற்பட்ட எடை வளிமமாக மாறாமல் திண்மப் படிவாக எஞ்சுகின்றது. உருளைக்கும் குழலுக்கும் இடையிலிருந்து பீறிடும் புகை இப்படிவை நேராக அச்சாணியின் மேல் கொண்டு சேர்க்கும். 1860 ஆம் ஆண்டின் கோல்ட் துப்பாக்கியில் தடித்த அச்சும், அதில் மசகு தங்குவதற்குச் சுருள் பள்ளங்களும் இருந்தன. அதே காலத்து ரெமிங்டன் துப்பாக்கியில் சட்டகம் உறுதியானது எனினும், அச்சாணி மெல்லியது. உருளையின் முன்முகமும் தட்டையானது. எனவே அது விரைவில் கரிபிடித்து இறுகியது. 1873 கோல்ட்டில், உருளையின் நடுவில் செருகப்படும் தனிப் புதை ஒன்று முன்முகத்தைத் தாண்டி நீண்டு, புகையை அச்சாணியிலிருந்து விலக்கியது. பழைய மறுபடிகளில் இன்றும் கருமருந்து சுடுவோர் ஒவ்வொரு சுற்றுக்கும் பின் அச்சாணியைத் துடைத்து மசகிடுகின்றனர்.

திறந்த மேற்பாகம் கொண்ட பழைய கோல்ட் வடிவங்களில் இன்னொரு தனிக் காரணமும் உண்டு. இவற்றில் குழலைச் சட்டகத்துடன் பிணைப்பது ஒரு சிறு ஆப்பு ஆகும். ஆப்பை ஆழமாக அடித்தால் குழல் பின்னுக்கு இழுபட்டு உருளையை அழுத்தும். சற்றுத் தளர்த்தினால் உருளை விடுபடும். புதிய மறுபடியை வாங்கியவர், உறுதியாக இருக்கட்டும் என்று ஆப்பை அடித்துச் செருகிவிட்டு, உருளை சுழலவில்லை என்று திகைப்பது உண்டு.

ஆபத்தான இறுக்கங்கள் இரண்டு. முதலாவது, பின்னுதைப்பினால் குண்டு முன்னகர்வது. வலுவான தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கி பின்னுக்குத் துள்ளும். மற்ற அறைகளில் உள்ள கூடுகள் துப்பாக்கியுடன் பின்னே செல்ல, கூட்டின் வாய் குண்டை இறுகப் பற்றாவிடின் குண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். சில வெடிகளுக்குப் பின் அது அறையின் முன்வாயைத் தாண்டி நீட்டிக்கொண்டு சட்டகத்தில் முட்டும். இரண்டாவது, மருந்து போதாத தோட்டா. தீமூட்டி மட்டும் எரிந்து குண்டைப் பாதியளவு தள்ளிவிட, குண்டு உருளையிலும் குழலிலும் பாதிப் பாதியாக நின்று இரண்டையும் தாழிட்டதுபோல் பூட்டிவிடும். வெடியோசை வழக்கத்தைவிட மெல்லியதாகக் கேட்டு, அடுத்து உருளை இறுகினால் இதையே ஐயுற வேண்டும். குண்டு முழுவதும் குழலுக்குள் நுழைந்து நின்றாலோ உருளை தடையின்றிச் சுழலும். அது இன்னும் கொடியது. அடுத்த குண்டு அதன்மேல் மோதிக் குழலை வெடிக்கச் செய்யலாம். இக்கோணத்தில், இறுகி நின்ற உருளை சுடுபவரைக் காப்பாற்றியதாகவே கொள்ள வேண்டும்.

இவ்வாறு நின்றுவிட்ட துப்பாக்கியின் முகவாயை இலக்குத் திசையிலேயே வைத்து, தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால் குறைந்தது 30 விநாடிகள் காத்திருப்பது சுடுகளங்களின் வழக்கமாகும். பின்னர் களப் பொறுப்பாளரை அழைக்க வேண்டும். நிரம்பிய உருளையைச் சுத்தியால் தட்டுவதோ, சுத்தியலை வலிந்து இழுத்துத் திருப்புவதோ கூடாது.

திருத்தமும் அதன் எல்லையும்

துடைத்தல், எண்ணெயிடல், தோட்டாவை மாற்றுதல், ஆப்பைத் தளர்த்துதல், அச்சாணியை அதன் பூட்டுவரை முழுவதும் செருகுதல் ஆகியவற்றை உரிமையாளரே செய்யலாம். சிறிதளவான பொது இறுக்கம், வெறும் உருளையைப் பல நூறு முறை கையால் சுழற்றுவதாலேயே தேய்ந்து சீராகிவிடும். இதற்காகச் சுத்தியலை வெறுமையாக அடிக்கவிட வேண்டியதில்லை. விளிம்புத் தீமூட்டி வகையான .22 துப்பாக்கிகள் சிலவற்றில் அவ்வாறு செய்தால் ஊசி அறையின் விளிம்பில் அடித்துப் பள்ளம் உண்டாக்கும். அப்பள்ளத்தின் பிசிறே பின்னர் புதியதோர் இறுக்கத்துக்குக் காரணமாகும்.

அரத்தை எடுப்பது வேறு வேலை. உருளையின் முன்முகத்தில் 0.05 மில்லிமீட்டரைத் தேய்த்து எடுத்தால் அதைத் திரும்ப வைக்க முடியாது. தள்ளுகோலின் நுனியைக் குறைத்தால் உருளை முழுவதும் திரும்புவதற்கு முன்னரே சுத்தியல் முழு இழுப்பை அடையும். குண்டு குழலின் ஓரத்தைச் சீவிக்கொண்டு செல்லும். இறுக்கமான துப்பாக்கி சுடாது, அவ்வளவே. நேர் தவறிய துப்பாக்கியோ சுட்டுவிடும். பட்டறிவுள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர்கள், விலை உயர்ந்த உருளையைத் தொடாமல், தனிப் புதை உள்ள கோல்ட் வகையில் புதையையும், மற்றவற்றில் அச்சாணியையுமே முதலில் சரிசெய்கின்றனர். இவை கெட்டுப்போனாலும் வேறு வாங்கிக்கொள்ளலாம். புதிய துப்பாக்கியில் உருளையின் முகமோ சட்டகத்தின் துளைகளோ கோணியிருந்தால், அதைக் கைவைக்காமல் தயாரித்தவருக்கே திருப்பி அனுப்புவது நல்லது. உரிமையாளர் அரம் போட்ட தடத்தைக் கண்டால் உத்தரவாதம் மறுக்கப்படலாம்.